நூற்றுப் பதினாலாம் எண் அறை

“எல்லா வீடும் வித்துப்போச்சு. இது மட்டும் எட்டு மாசமா ஏன் பூட்டியே கிடக்கு? அதை முதல்ல சொல்லுங்க.”

கேட்டவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி. தரகர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஒரு காலத்தில் நகரத்திலேயே பெரிய ஹோட்டலாக இருந்த கட்டடம் அது. ஹோட்டலை மூடி, இரண்டிரண்டு அறைகளாகச் சேர்த்து வீடுகளாக்கியிருந்தார்கள். நாற்பது வீட்டில் முப்பத்தொன்பதைத் தரகர்தான் விற்றுக் கொடுத்தார். முதல் மாடியில் இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் விற்காவிட்டால் சாவி வேறு தரகரிடம் போய்விடும். வேறு தரகர் என்பது அவருடைய மச்சான். அதைவிடத் தொழிலையே விட்டுவிடலாம்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். வெளிச்சத்தைப் பாருங்க, காத்தைப் பாருங்க. இங்க தங்காத பெரிய மனுஷங்களே கிடையாது. தரையெல்லாம் பளிங்கு…”

“மொசைக்,” என்றார் மனைவி. “வரவேற்பு ஹால்ல மட்டும்தான் பளிங்கு.”

“சரிம்மா, மொசைக்.”

“நான் காரணத்தைக் கேட்டேன்,” என்றார் கணவர்.

தரகர் யோசித்தார். இதுவரை பதினோரு குடும்பங்களிடம் மறைத்துப் பார்த்தாயிற்று. படியிறங்கிப் போகும்போது வாட்ச்மேன் போட்டு உடைத்துவிடுவார். பதினோரு பேரும் அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

“கோவிச்சுக்காதீங்க சார். உள்ள இருக்கிற படுக்கையறை அப்போ நூத்திப் பதினாலாம் நம்பர். ராசியில்லாத அறைன்னு ஒரு பேச்சு. முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி இங்க ஒரு கல்யாணம். வாசல்ல போர்டு வெப்பாங்கல்ல? முன்பணம் கட்டினவர் பேரைத்தான் மேல போடுவாங்க, அது இந்த ஹோட்டல் வழக்கம். கட்டினது பொண்ணோட அப்பா. மாப்பிள்ளையோட அப்பா வந்து பார்த்துட்டு, என் பேர் கீழயான்னு குதிகுதின்னு குதிச்சார்.”

“இதுக்காகவா?”

“இதுக்காகத்தான் சார்! மேனேஜர் ஓடிவந்து, ரெண்டு பேரையும் ஒரே வரியில போட்டுடறேன்னார். உடனே யார் பேர் முதல்ல வரணும்னு சண்டை. சம்பந்திங்க ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கல்யாணம் நின்னுபோச்சு. பொண்ணை அந்த அறையில தள்ளி வெளியில பூட்டிட்டாங்க.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்புறம்?” என்றார் கணவர்.

“ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தா பொண்ணைக் காணோம். பூட்டு பூட்டினபடியே இருக்கு! இந்த ஹோட்டலுக்கு ஒரு பெருமை உண்டு சார், வராந்தாவுல அழுக்குத்துணி யார் கண்ணுலயும் படக்கூடாது. அதனால பெரிய அறைகள்ல சுவத்துலயே ஒரு சின்னக் கதவு வெச்சிருந்தாங்க. அதுல துணியைப் போட்டா, சறுக்கிக்கிட்டே போய்க் கீழ சலவைக்கூடத்துல விழும். பொண்ணு அது வழியா இறங்கிடுச்சு.”

“அடி படலையா?”

“படாம இருக்குமா? நடுவுல ஒரு வளைவு இருக்காம்.”

மனைவி தன் வலது முழங்கையைத் தடவிக்கொண்டார்.

“கீழ சலவைக்கூடத்து ஆள் ஒருத்தர் போர்வையெல்லாம் குவிச்சுவெச்சுத் தயாரா நின்னிருக்கார். அன்னையிலேர்ந்து அவரையும் காணோம். பொண்ணு அவரோட ஓடிப்போச்சுன்னு ஊரே சிரிச்சது. மாப்பிள்ளைதான் பாவம். அவமானம் தாங்காம அன்னைக்கே எங்கயோ போயிட்டார், வீட்டுக்கே திரும்பலையாம். அதுக்கப்புறம் இந்த ஹோட்டலுக்குக் கல்யாணமே வரலை. கொஞ்சம் கொஞ்சமா நொடிச்சுப்போய் மூடிட்டாங்க. அவ்வளவுதான் சார். இனிமே உங்க இஷ்டம்.”

சொல்லி முடித்ததும் தரகருக்குச் சாவி மச்சான் கையில் இருப்பதுபோலவே தோன்றியது.

“அந்தச் சலவைக்கூடத்து மனுஷர் மேல ஏன் இப்படி ஒரு பழி?” மனைவி சட்டென்று திரும்பினார். “பார்த்தவங்க மாதிரி பேசறீங்களே! ஒரு நல்லவரைப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசலாமா?”

“நான் எங்கம்மா சொன்னேன்? ஊர் சொன்னது.”

“ஊருக்கு வேற வேலை இல்ல.”

மனைவி விடுவிடுவென்று படுக்கையறைக்குள் போனார். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். மூலையில் நின்ற பழைய அலமாரியை அவர் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார். பின்னால் வெள்ளையடித்த சுவர். குனிந்து, நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். ஒரு கீல் தெரிந்தது. அப்புறம் இன்னொரு கீல். இரண்டடி உயரத்தில் ஒரு சின்னக் கதவு.

“நானே இன்னைக்குத்தான் இதைப் பார்க்கிறேன்,” என்றார் தரகர். “உங்களுக்கு எப்படிம்மா…”

பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மாவின் முழங்கையைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய தழும்பு. கணவரிடம் திரும்பிக் கைகூப்பினார்.

“மன்னிச்சுடுங்க சார். அந்தச் சலவைக்கூடத்து ஆள் நீங்கதான்னு தெரியாம, என்னென்னவோ உளறிட்டேன்.”

வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கணவர் சிரித்தார்.

“அவர் எங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். நான் மாப்பிள்ளை,” என்றபடி சாவிக்குக் கையை நீட்டினார். “அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்காக எடுத்த அறை இது, இன்னும் ஒரு நாள்கூடத் தங்கலை.”