கேப்டன் குரலில் ஒரு குளியல்

“ஆளுக்கு ஒரு வாளி. அதுக்கு மேல வேணும்னா கடல்ல குதிச்சுக் குளிச்சுக்கோங்க!”

சீஃப் ஆபீசர் சாப்பாட்டு அறை நடுவில் நின்று கத்தினார். கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின் படுத்துவிட்டதிலிருந்து, கப்பலில் அவர் போடும் தண்ணீர்க் கணக்குதான் சட்டம்.

“சார், நாளைக்குக் கரை. இன்னிக்கு மட்டும் ரெண்டு வாளி…” என்று இழுத்தார் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர். எஞ்சினோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, மனுஷன் தலை முதல் கால் வரை கிரீஸ்.

“எதுக்கு? உனக்குக் கல்யாணமா?”

“என் பொண்ணு துறைமுகத்துக்கு வரா சார். போன தடவை ஆசையாத் தூக்கப் போனேன். ‘அம்மா, பூதம்!’னு கத்திட்டு ஓடினவதான். நான் கிளம்புற வரைக்கும் கிட்ட வரலை.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆயிலர் மட்டும் சிரிக்கவில்லை.

“இருபது தலை. குடிக்க, சமைக்க, குளிக்க. நாளைக்குத் துறைமுகத்துல ‘இடமில்லை, வெளியவே நில்லு’ன்னுட்டா? உன் பொண்ணா வந்து தண்ணி ஊத்துவா?”

சொல்லிவிட்டு சீஃப் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

“மனுஷனா இவரு? கால்குலேட்டருக்குக் கால் முளைச்சிருக்கு,” என்றார் சமையல்காரர்.

“அண்ணே, அழாதீங்க. கிரீஸ் கரைஞ்சு தரையெல்லாம் வழுக்கும்,” என்றான் கிளி. பரிமாறுகிறவன். யார் குரலையும் அப்படியே உரித்து வைப்பான். சமையல்காரர் குரலில் சமையல்காரரையே திட்டியவன்.

கிளி போனை எடுத்தான். சீஃப் அறை நம்பரை அழுத்தினான். கழுத்தை உள்ளே இழுத்து, வயிற்றை வெளியே தள்ளினான்.

“க்ர்ர்ஹ்ம்! கேப்டன் பேசறேன். பசங்க நாத்தம் மேல வரைக்கும் தூக்குதுய்யா. ஷவரைத் திறந்து விடும். எல்லாரும் குளிக்கட்டும். முக்கியமா அந்த ஆயிலர்!”

அந்தப் பக்கம் டீ கப் ‘டங்’கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

“ஆகட்டும் கேப்டன்,” என்றார் சீஃப்.

அவ்வளவுதான்! ஷவர் ‘ஷோ’வென்று கொட்டியது. சோப்பு நுரை நடைபாதை வரைக்கும் வந்தது. சமையல்காரர் தொண்டை கிழியப் பாடினார். ஆயிலர் தேய்க்கத் தேய்க்க, உள்ளேயிருந்து வேறு யாரோ வெளியே வந்தார்கள்.

“டேய், அண்ணனுக்குக் கன்னத்துல மச்சம் இருக்குடா!”

மறுநாள் கப்பல் கரையைத் தொட்டது. ஏணிக்குக் கீழே நின்ற சின்னப் பெண் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். கையை மோந்து பார்த்தாள். அப்புறம் ஒரே தாவு! கழுத்தைக் கட்டிக்கொண்டவள் இறங்கவே இல்லை.

மேலே கம்பியில் சாய்ந்து இளித்துக்கொண்டிருந்தான் கிளி. பக்கத்தில் சீஃப் வந்து நின்றதும் இளிப்பு பாதியில் உறைந்தது.

“குரல் பிரமாதம்டா.”

“எ… எந்தக் குரல் சார்?”

“நானா இளகினா, அடுத்த பயணத்துல எவன் என் பேச்சை மதிப்பான்? கேப்டன் ஆர்டர்னா என் மானமும் தப்பிச்சுது. இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தான், இருபது தலையை எப்பவும் இருபத்திரண்டுன்னு கணக்குப் போட்டு, ரெண்டு பேர் தண்ணியை ஒதுக்கி வைக்கிறேன்.”

கிளி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். “கேப்டனுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவாரே சார்?”

சீஃப் அந்தப் பயணத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“நீ போன் பண்ணப்ப அவர் எனக்கு எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தார். ஸ்பீக்கர்ல முழுசாக் கேட்டாரு. எழுந்து போய்த் தண்ணியைத் திறந்து விட்டதே அவர்தான். போறப்ப, ‘பரவாயில்லையே, போன்ல நான் ரொம்ப நல்லவனா இருக்கேனே!’ன்னாரு.”