மொட்டைமாடியில் டெக்னோ

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மைசூரில் ஒரு கிளப்பின் மொட்டைமாடியில் தாரணி டெக்னோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். பதிவுசெய்த பாட்டு எதுவும் அவளிடம் இல்லை. மேசைமேல் இருக்கும் இரண்டு கருவிகளின் குமிழ்களைத் திருகித் திருகி இசையை அங்கேயே உண்டாக்குகிறாள். தரை அதிர்கிறது. டம்ளர் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள். சாமுண்டி மலைமேல் வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. தாளத்துக்கு மேலே ஜால்ராபோல் ஒலிக்க வேண்டிய மெல்லிய சத்தம் மட்டும் போதவில்லை என்று அவளுக்குப் படுகிறது. அதன் குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறாள். ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் முகம் சுளித்துக் காதைப் பொத்திக்கொள்கிறாள். ஸ்பீக்கர்களைக் கவனித்துக்கொள்ளும் உதயகுமார் ஓடிவந்து குனிகிறான்.

“அக்கா, அந்த ஜால்ராவை ஸ்வல்ப இறக்குங்க. காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு.”

“எங்கடா வருது? எனக்குக் கேக்கவே இல்லையே.”

“தமாஷ் பண்ணாதீங்க. கீழ பார்க்கிங்ல வாட்ச்மேனே அண்ணாந்து பாக்கறாரு.”

சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறான். காதடைப்பான் போட்டால் கூட்டத்தின் துடிப்பு தெரியாது என்று நான்கு வருடமாக அவள் அதைத் தொட்டதில்லை. இப்போது ஒரு காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்புகிறாள், பிறகு மற்றதை. கீழ்த்தாளம் மட்டும் நெஞ்சில் இடிக்கிறது.

“எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லு, உதய்.”

அவன் முகத்தையே பார்த்தபடி குமிழை இறக்குகிறாள். போதும் என்று அவன் தலையசைக்கிறான். அவள் காதில் எதுவும் மாறவில்லை.