கிணற்றுக்குள் இரண்டு பேர்

தூர்வாரப்போன என் மகன் எபநேசர்மீது கிணறு சரிந்து ஆறு மணி நேரமாகிவிட்டது. அவன் இடுப்பில் கட்டிய வடத்தின் மறுமுனை என் கையில் இருந்தது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர் என் தோளைத் தொட்டார்.

“அண்ணாச்சி, கடவுள் மேல நின்னு வேடிக்கை பாக்கிறவர் இல்லன்னு ஒரு ஜெர்மன்காரர் எழுதியிருக்கார். பாடுபடுறவங்களோட அவரும் பாடுபடுறார். இப்ப உங்க மகன்கூட உள்ளதான் இருக்கார்.”

புத்தகம் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

“அவரும் உள்ள மாட்டிக்கிட்டாரா? அப்போ மேல நின்னு இழுக்க யாரு இருக்கா?”

போதகர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

“சும்மா நிக்காதேயும். பிடியும்!”

வெள்ளை அங்கியோடு குதிகாலை ஊன்றி அவரும் இழுத்தார். வடம் ஒரு சாண் வந்தது.

இரண்டு ஆள் கனம் கனத்தது.