நான்காவது அநியாயம்

முதல் அநியாயம்: உறைபனிக் காலத்தில் நூற்பாலையின் கணப்பை அணைத்துவிட்டு ராத்திரி ஷிப்ட் ஓட்டினார்கள். விறைத்துப்போன கையை இயந்திரம் இழுத்ததில் ஒருத்திக்கு விரல்கள் போயின.

இரண்டாவது அநியாயம்: கூலிக்குப் பதிலாக நூல்கண்டைக் கொடுத்து, விற்றுப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மூன்றாவது அநியாயம்: கேள்வி கேட்டதும் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள்.

நான்காவது அநியாயம்: கேட்டுக்கு எதிரே மூன்று நாள் பனியில் உட்கார்ந்தோம். அரசு டிவி வந்து படம் பிடித்தது. செய்தியில் காட்டியதோ எங்கள் பூட்ஸ்களை மட்டும். ஒருத்தி முகம்கூட இல்லை.

படித்து முடித்துத் துண்டறிக்கையை மடித்தாள் புருல்கான். சோவியத் உடைந்த புதிதில் அவளே எழுதி, அவளே சுவர் சுவராக ஒட்டியது. அன்றைக்கு அவளோடு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இடுகாட்டுக்குப் போய்விட்டார்கள்.

"இதுல நாலாவதுதான் எனக்கு ஆறலை" என்றாள். "நாங்க உட்கார்ந்ததே இல்லைன்னு ஆக்கிட்டானே, படுபாவி."

"அதுக்குத்தாம்மா வந்திருக்கோம். படத்துல உங்க முகத்தைக் காட்டுவோம்" என்றாள் மேரிம்.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓட்டைக் காரில் வந்திருந்த ஆவணப்படக் குழு. மொத்தமே மூன்று பேர்.

"இரு. பக்கத்து வீட்டு அசானையும் அவன் பெண்டாட்டியையும் எதுக்குக் கூப்பிட்டு வெச்சிருக்கேன்? சாட்சிக்கு! இதுக்கு முன்னே யார் யார் என்ன வேலை பார்த்தீங்கன்னு அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம்தான் நான் வாயைத் திறப்பேன்."

"நான்தான் டைரக்டர். முன்னே ஆப்பரேஷன் தியேட்டர்ல நர்ஸு."

"ரத்தம் பார்த்தவ. உட்காரு." பாதிக் கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒலிப்பதிவு செய்யும் உலான் சிரித்தான். "நான் கல்யாண வீடுகள்ல அக்கார்டியன் வாசிச்சேம்மா."

"குடிகாரங்க கூச்சலைக் கேட்டுப் பழகின காது. நீயும் உட்காரு." அவனுக்கும் பாதிக் கிண்ணம்.

கேமராமேன் மட்டும் கதவோரமாக நின்றார். நரைத்த ஆள்.

"நீ?"

"அரசு டிவியில கேமராமேனா இருந்தேங்க்கா."

அசானின் மனைவி இருமினாள். புருல்கான் மூன்றாவது கிண்ணத்தை எடுத்து விளிம்பு வரை ஊற்றினாள். அந்த ஊரில் பாதி ஊற்றினால், இருந்து பேசு என்று பொருள். நிரம்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு.

"அந்த பூட்ஸை எடுத்த மகராசன் யாருன்னு தெரியுமா?"

"நான்தாங்க்கா."

"ஓ! எங்க மூஞ்சியப் பார்க்க அருவருப்பா இருந்துச்சோ?"

அவர் கிண்ணத்தைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து வைத்தார். "மேரிம், உலான் படம் பிடிக்கட்டும். நான் கார்ல இருக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது.

"ஓடிட்டான் பார்த்தியா, அசான்!" என்றாள் புருல்கான். "என் துண்டறிக்கைக்கு அவ்வளவு பயம். அன்னிக்கு போலீஸே பயந்துச்சே! ஒருத்தியைக்கூடப் பிடிக்கலை. ஒரு பேர்கூட அவங்களால சொல்ல முடியலை."

"ஏன் முடியலைம்மா?" மேரிம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்டீங்க. அந்த வேலை ஏன் போச்சுன்னு அவர்கிட்ட கேட்கலையே?"

"ஏன் போச்சாம்?"

"ஒவ்வொரு முகமா நிறுத்தி எடுன்னு போலீஸ் அதிகாரி சொல்லி அனுப்பினாராம். அந்தப் படத்தை வெச்சு உங்களையெல்லாம் அடையாளம் கண்டுபிடிக்கத் திட்டம். இவர் கேமராவைக் கீழே சாய்ச்சுட்டார். போட்டுப் பார்த்தா வெறும் பூட்ஸ். மறுநாளே இவரைத் துரத்திட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு டிவியிலும் சேர்க்கலை. உங்ககிட்ட இதைச் சொல்லக் கூடாதுன்னு வழியெல்லாம் எங்களைக் கெஞ்சிட்டு வந்தார்."

புருல்கான் அவர் குடித்து வைத்த காலிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். தன் துண்டறிக்கைக்குத்தான் போலீஸ் பயந்தது என்ற நினைப்பு ஒன்றுதான் இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவளுக்குத் துணை. இப்போது அதுவும் இல்லை.

எழுந்தாள். கிண்ணத்தின் அடியில் ஒரு வாய் தேநீர் ஊற்றிக்கொண்டு பனியில் இறங்கி, கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"கொஞ்சம்தான் ஊத்தியிருக்கேன், தம்பி. உள்ளே வா. இன்னும் நிறையப் பேசணும். உன் முழுப் பேர் என்ன?"

அவரோடு திரும்பி வந்ததும் உலானிடம் பென்சில் வாங்கினாள். துண்டறிக்கையின் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு, மேலே ஏதோ கிறுக்கினாள். கேமராவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப முகத்தை எடுக்கலாமாக்கா?" என்றார் கேமராமேன்.

"எடு. என்னைப் பிடிச்சுட்டுப் போகக்கூட இனிமே யார் வரப்போறா?"

அசானும் மனைவியும் சாட்சியாக எழுந்து நின்றார்கள். புருல்கான் முதல் மூன்றையும் அதே வரிசையில் படித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான்காவது அநியாயம்: எங்களைக் காட்டிக்கொடுக்க மறுத்த மனிதனின் வேலையைப் பறித்தார்கள். எங்கள் போராட்டத்தில் தண்டனை அனுபவித்த ஒரே ஆள். பெயர்: ஷர்ஷென் அப்திலாயெவ்."