சர்ச் மணியைத் திருடியது யார்?

"இன்னாண்ணா, அந்த ஒரு புக்கு மட்டும் ஏன் தனியா கீது? அதையும் எடைக்குப் போடு" என்றார் பழைய பேப்பர்க்கார முனிரத்தினம்.

கடைக்காரர் தனசிங் அந்தத் தைத்த புத்தகத்தை மேஜையில் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

வாசற்படியில் நின்ற ஹில்டா டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மேற்குத் தாம்பரம், முடிச்சூர் ரோட்டில் இருந்த தனசிங் லெண்டிங் லைப்ரரிக்கு அதுதான் கடைசிச் சனிக்கிழமை. வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்த பிறகு கதைப் புத்தகத்தை யார் சீந்துகிறார்கள்? திங்கட்கிழமை மனிதர் கேளம்பாக்கம் போகிறார். அங்கே எஸ்.டி.டி. பூத் வைக்கப் போகிறாராம்.

போகட்டுமே, இவளுக்கென்ன வந்தது? அதைத்தான் அவளும் வாரம் முழுக்கத் தன்னையே கேட்டுப் பார்த்தாள். நெஞ்சறியப் பொய் சொல்ல வரவில்லை. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது கடந்துபோனவள் அவள். அவரோ மனைவியைப் பறிகொடுத்தவர். சனிக்கிழமை சாயங்காலம் அவர் சொல்கிற "வாங்க டீச்சர்" என்கிற இரண்டு வார்த்தைக்காக மற்ற ஆறு நாளையும் ஓட்டிவிடுவாள்.

ஊரில் குஞ்சு குளுவான் வரைக்கும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டது. ஹில்டாவுக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிக் காலத்தைத் தள்ளினாள்.

துப்பறியும் கதை என்றால் அவளுக்கு உயிர். வெட்டு, குத்து, ரத்தம் எல்லாம் ஆகாது. சின்ன ஊர், நாலு தெரு, அதற்குள் ஒரு திருட்டு, அதை மோப்பம் பிடிக்க ஒரு தபாலாபீஸ் அம்மாள். அது போதும், சோறு தண்ணி வேண்டாம்.

அந்த மாதிரித் தொடர்கதைகளை வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, அடுக்கி, தனசிங் தன் கையாலேயே தைத்து வைப்பார்.

ஒருநாள் அவள் படிக்காத கதை கடையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று ஆகிவிட்டது. ஒரு மலையூரில் சர்ச் மணியைத் திருடியது யார் என்கிற கதை. இதையும் முடித்துவிட்டால் அப்புறம் எந்தச் சாக்கில் வருவது?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கடைசி வாரம் மட்டும் இதில் இல்லையே என்றாள்.

அடிப் பாவி! இல்லாமல் எங்கே போகும்? அவள் வீட்டுத் தையல் மிஷின் டிராயரில் பத்திரமாக இருந்தது. தையலைப் பிரித்து, கடைசி அத்தியாயத்தை உருவிக்கொண்டு, மறுபடி ஒட்டுப்போட்ட மாதிரி தைத்துக் கொடுத்திருந்தாள்.

தனசிங் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேடிப் பார்க்கிறேன் என்றார்.

அது ஆயிற்று நாலு வருஷம். பல்லாவரம் சந்தையில் தேடினேன் என்பார். அஸ்தினாபுரத்தில் ஒரு கடை, ஊரப்பாக்கத்தில் ஒரு கடை என்பார். கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவே அரை மணி நேரம் ஆகும். அப்புறம் மணியை யார் எடுத்திருப்பார்கள் என்று வாதம் நடக்கும். மணியடிக்கிற கோயில்பிள்ளைதான் என்பார் அவர். பாதிரியாரின் தங்கை என்பாள் அவள். உண்மையான திருடன் பெயரை நாலு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு வாதாடினாள்.

ஒரு நல்ல மனிதரை இப்படிக் கடை கடையாக அலையவிட்டோமே என்பது அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். அந்தத் தாள்கள் கைப்பையில் இருந்தன. முகத்தில் விழிக்காதே என்று சொன்னாலும் சரி, கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

முனிரத்தினம் கடைசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார்.

ஹில்டா பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டாள். "ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

தனசிங் அந்தப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி, அதன் முதுகைக் காட்டினார்.

"நான் எப்பவும் சணல்லதான் தைப்பேன் டீச்சர். இது ரவிக்கை தைக்கிற நீல நூலு."

நூறு துப்பறியும் கதை படித்தவள்! இந்த ஒரு தடயத்தை விட்டுவிட்டாளே. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்ப பாத்தீங்க?"

"நீங்க திருப்பிக் குடுத்த அன்னிக்கே."

அப்படியானால் பல்லாவரம்? அஸ்தினாபுரம்? ஊரப்பாக்கம்? மனிதர் ஒரு கடை வாசலையும் மிதிக்கவில்லை.

தனசிங் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"கேளம்பாக்கத்துலயும் பழைய பேப்பர் கடை இருக்காம்" என்றார். "தேடட்டுமா, இத்தோட விட்டுடட்டுமா?"

ஹில்டா பைக்குள் இருந்த கையை வெறுங்கையாக வெளியே எடுத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தேடுங்க" என்றாள். "சனிக்கிழமை வந்து கேக்கறேன்."