ஜஸ்ட் லீவிங்

அமலோற்பவத்தின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு முடிந்ததும், எல்லாரும் கதவருகே நின்று திரும்பி, "கோயிங் அண்ட் கமிங், மிஸ்" என்பார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மறுநாளும் அதே கதைதான்.

"அப்படி ஒரு பேச்சே இங்கிலீஷ்ல கிடையாது. ஐ'ம் ஜஸ்ட் லீவிங். எங்க, சொல்லுங்க பாப்போம்."

மற்றவர்கள் சொன்னார்கள். ஜவுளிக்கடை மாடசாமி மட்டும் நெளிந்தார். "வாய் வரமாட்டேங்குது மிஸ். கெளம்பும்போது போறேன்னு மொட்டையா எப்படிச் சொல்றது?"

"அதெல்லாம் பழகிடும்" என்று அமலோற்பவம் போர்டைத் துடைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவளுடைய ஒரே மகள் ஜெனிட்டா வேலைக்காக கனடாவுக்குக் கிளம்பினாள். அம்மாவின் வகுப்பில் கடைசி பெஞ்சில் படம் வரைந்துகொண்டே வளர்ந்தவள். பெட்டிகளை ஏற்றியாயிற்று. காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"ஓகேம்மா. ஐ'ம் ஜஸ்ட் லீவிங்."

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. அமலோற்பவம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"கைய எடும்மா, நேரமாச்சு" என்றாள் ஜெனிட்டா.

"வேற மாதிரி சொல்லு."

"வேற எப்படி?"

அமலோற்பவம் பிடியை இன்னும் இறுக்கினாள். கதவில் விரல்கள் வெளுத்திருந்தன. ஜெனிட்டா அந்த விரல்களைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்து, "கோயிங் அண்ட் கமிங், மிஸ்" என்றாள்.

அமலோற்பவம் திருத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை.