லிஃப்டில் ஒரு ஸ்டூல்

எங்கள் ஜவுளிக்கடை லிஃப்டை ஞானமுத்து இயக்கிவந்த காலம் முழுவதும் நான் எந்த மாடி என்று சொன்னதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அப்பா இறந்த வாரம், எதுவும் கேட்காமல் என்னை மொட்டை மாடியில் விட்டு, வேறு யாரும் வராதபடி லிஃப்டை அங்கேயே நிறுத்திக் காவல் இருந்தார். எங்கள் குடும்பத்து ஆண் அழுததை ஊர் பார்க்கவில்லை.

போன மாதம் ஞானமுத்து காலமானார். அவருடைய ஸ்டூலை எடுத்துவிடலாம் என்றாள் மருமகள்.

“இன்னும் ரெண்டு பேர் நிக்கலாம் மாமா. பட்டன அமுக்க ஒரு ஆளா?”

“அது இருக்கட்டும்மா.”

“சும்மா எதுக்கு? யாரு உக்காரப் போறா?”

நான் உள்ளே போய் அதில் உட்கார்ந்தேன்.

“ஐயோ மாமா, சொந்தக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?”

அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். “பெரியவரே, மூணாவது மாடி போடுங்க.”

கடை முதலாளிகளான எங்கள் வீட்டாரை யாரும் இப்படி ஏவியதில்லை. “ஏம்மா, இவரு யாருன்னு...” என்று மருமகள் வெளியிலிருந்து ஆரம்பித்தாள். நான் கையமர்த்தினேன். ஞானமுத்துவைப் போலவே எழுந்து நின்று, “வாங்கம்மா” என்றேன்.

மூன்றாம் மாடியில் அந்தப் பெண் திரும்பிப் பாராமல் இறங்கிப் போனாள். கீழே யாரோ அழைப்புமணியை அழுத்தினார்கள். லிஃப்டைக் கீழே இறக்கினேன்.